நீ எடுத்த டேப், நான் வெட்டிய சிடி

வீடியோ டெக்கின் மேல்மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் தாளை, டேப்பைப் படிக்கும் ஹெட்டின் மேல் வைத்து மெதுவாகச் சுற்றினேன். தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது. கூடவே ஒரு வாடை. மழைக்காலம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் மறந்து கிடந்த ஈரச் சாக்கைப் போல. உன் டேப்பில் பிடித்திருந்த பூஞ்சைதான் அது. வேலையெல்லாம் முடிந்துவிட்டது, டெக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வாடை விடவில்லை.

அது மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றாய் என்றெல்லாம் எழுத மாட்டேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. டேப்பை நிமிர்த்தி வை, சுவர் ஓரம் வைக்காதே, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "டேப் விக்கிறவன் புத்தி சொன்னா அது வியாபாரம் மச்சான்" என்பாய். சரி, விடு. நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இப்போது உன்னோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். உன் படத்தில் நான் கை வைத்திருக்கிறேன். உன் மனைவி மல்லிகாவும் சரி என்றுதான் சொன்னாள்.

தீபாவளி கழிந்த வாரம், கடை விடுமுறையன்று மல்லிகா என் வீட்டுக்கு வந்தாள். லோதி ரோடு சர்க்காரி வீடுகளில் சமையல் வேலையை அவள் இன்னும் விடவில்லை. ஊருக்கு வெளியே அந்த வாடகை அறையிலிருந்து விடியுமுன் கிளம்பி, பஸ் மாறி, வேலையை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். கையில் ஒரு அரிசிப் பை. பை நிறைய உன் டேப்புகள்.

"அண்ணே, வக்கீலம்மா கூப்பிட்டாங்க. இடிச்ச நம்ம சந்துல நம்பர் விட்டுப்போன வூடுங்களுக்கு மறுபடியும் விசாரணை வெக்கிறாங்களாம். அங்கதான் குடியிருந்தோம்னு காட்ட எதுனா இருக்கான்னு கேட்டாங்க. வீடியோ இருக்குன்னேன். அச்சா, அத சிடியில போட்டுக் கொண்டான்னாங்க."

"ரேஷன் கார்டு?"

"இடிக்கிறப்பவே மண்ணோட போச்சேண்ணே. நீங்களுந்தான தேடுனீங்க."

தேடினேன். செங்கல்லைப் புரட்டிப் புரட்டி உன்னோடு சேர்ந்து நானும் தேடினேன். ஆகவே இந்தப் பைதான் மிச்சம். இதில் தேறினால் மல்லிகாவுக்குச் சர்க்கார் கொடுக்கிற மனை ஒன்று கிடைக்கும். தேறாவிட்டால் வயதான காலத்தில் வாடகை அறை, அல்லது ஊரில் தம்பி வீட்டு மூலை. விஷயம் இவ்வளவுதான், ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

நாம் இருவரும் சேலம் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் தில்லிக்கு வந்து, ஜுக்கி என்கிற அந்தக் குடிசைப் பகுதியில் ஒரே சந்தில் குடியேறியவர்கள். நான் நடைபாதையில் ஆடியோ கேஸட் விற்று, பிறகு பழைய தில்லி மார்க்கெட்டில் ஒரு கடைக்குள் நுழைந்து, மெல்ல இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ சந்தை விட்டு நகரவில்லை. உன் தொழில் அங்கே இருந்தது. கரோல்பாக்கில் ஒரு ஸ்டூடியோக்காரன் கழித்துப் போட்ட, தோளில் தூக்கி வைக்கும் அந்தப் பெரிய காமிராவைக் கொண்டுவந்தாய். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, கல்யாணம் எல்லாம் நீதான். தில்லியில் செங்கல் தூக்குகிறவன் வீட்டு விசேஷத்துக்கும் வீடியோ உண்டு என்ற நிலையை நம் சந்துக்குக் கொண்டுவந்தவன் நீ. அதை நான் மறுக்க மாட்டேன்.

காமிராவின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு இருக்குமே, படம் ஓடும்போது எரிவது, அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி மறைத்திருந்தாய்.

"ஏண்டா மறைச்ச?"

"செவப்பு லைட்டப் பாத்தா சனங்க கட்ட மாதிரி வெறைச்சு நிக்கிறாங்க மச்சான்."

"அப்போ ஓடுதா நிக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் கட்டைவெரலுக்குத் தெரியும்."

உன் கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியாது. பாதி நேரம் நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு காமிராவைக் கையில் தொங்கவிட்டபடி நடப்பாய். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தரை, செருப்பு, சாக்கடை, யாரோ ஒருத்தியின் புடவைக் கரை எல்லாம் பதிவாகும். பிறகு டெக் இரண்டை வைத்துக்கொண்டு அதையெல்லாம் கழித்துவிட்டு, பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு, மேலே நாதஸ்வரத்தை ஏற்றிக் கொடுப்பாய். எத்தனை டேப் இப்படி வீணாயிற்று. வீணாகட்டும், எனக்குத்தானே விற்பனை என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இடிப்பதற்கு முன்னால் சர்வேக்காரர்கள் வந்து கதவு கதவாகப் பெயிண்டில் நம்பர் எழுதிய நாள் நினைவிருக்கும். பூட்டியிருந்த கதவுகளில் எழுதாமல் போய்விட்டார்கள். பகலில் கதவு திறந்திருக்க அது என்ன உத்தியோகக்காரர் வீடா? மல்லிகா லோதி ரோட்டில் பாத்திரத்தோடு இருந்தாள், நீ எங்கேயோ ஒரு காதுகுத்தில். நம் சந்தில் பாதிக் கதவுகளுக்கு நம்பர் இல்லை. நம்பர் இல்லாதவனுக்கு மனை இல்லை. ஜுக்கித் தலைவர் பிரதான் வீட்டு வாசலில் கூட்டம். அழுகை, கத்தல். அப்போது நீ எழுந்து சொன்னாய்: "நான் எடுத்துக் குடுக்கறேன். வூட்டுக்கு வூடு, குடும்பத்தோட, கையில கார்டப் புடிச்சு நிக்கச் சொல்லி எடுப்போம். யாரு இல்லைன்னு சொல்லுவான்?"

நல்ல யோசனைதான். நானே டேப் கொண்டுவருகிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து பார்த்தால் சந்து முழுக்க மாவிலைத் தோரணம். பெண்கள் எல்லாம் பட்டில். மேடம்கள் கழித்துக் கொடுத்த பனாரஸ் புடவைகள் அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தன. பொன்னம்மா வீட்டு ஃப்ரிட்ஜை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அது ஓடாத ஃப்ரிட்ஜ். சாணக்யபுரியில் ஏதோ ஒரு பங்களாவில் தூக்கிப் போட்டதை அவள் கொண்டுவந்து துணி வைக்கும் பீரோவாக வைத்திருந்தாள்.

"இது எதுக்குடா?" என்றேன்.

"ஆளாளுக்கு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல நிக்கணுங்கிறாங்க. நிக்கட்டுமே."

"நீ மனை வாங்க படம் எடுக்கிறியா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்ட எடுக்கிறியா? ஒழுகுற கூரைய எடு. சாக்கடைய எடு. கிழிஞ்ச தார்ப்பாயை எடு."

நீ விளக்கு ஸ்டாண்டைத் திருப்பிக்கொண்டே சொன்னாய்: "காமிரா முன்னால எவனும் ஏழையா நிக்கக் கூடாது மச்சான். அது எனக்கு வராது."

உனக்கு வரவில்லைதான். அப்படித்தான் முடிந்தது. டெக்கையும் சின்ன டிவியையும் ஆட்டோவில் ஏற்றி, மனை ஒதுக்குகிற சர்க்கார் ஆபீசுக்கு நானும் உன்னோடு வந்தேன். அதிகாரி கெட்டவர் இல்லை. டீ கூட வரவழைத்தார். நாதஸ்வரம் ஒலிக்க, ஒவ்வொரு வீடும் வெளிச்சத்தில் ஜொலிக்க, மல்லிகா சிவப்புப் பட்டில் சோபா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி சிரிக்க, அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

"அரே பையா, யே தோ ஷாதி கா வீடியோ ஹை" என்றார். கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து காட்டுகிறாயே என்று. ஃப்ரிட்ஜ் இருக்கிறது, சோபா இருக்கிறது, பட்டு இருக்கிறது, இவர்களுக்கா ஜுக்கி, இவர்களுக்கா சர்க்கார் மனை? ஃப்ரிட்ஜ் ஓடாது சாப் என்று நீ உன் ஹிந்தியில் ஏதோ சொல்லிப் பார்த்தாய். எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் ஓடாதா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். நீயும் சிரித்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாய்.

புல்டோசர் வந்த பிறகு நடந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. நம்பர் உள்ளவர்கள் மனைக்குப் போனார்கள். இல்லாதவர்கள் திசைக்கு ஒன்றாகச் சிதறினார்கள். பொன்னம்மா ஊருக்கே போய்விட்டாள். நீ அந்த அறைக்குப் போனாய். சந்து போனதோடு உன் தொழிலும் போயிற்று. கூழ் ஊற்றக் கோயில் இல்லை, கூப்பிட ஜனம் இல்லை. அதற்குள் கையடக்கக் காமிராக்களும் வந்துவிட்டன. கடைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து, நான் சிடி பெட்டிகளை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். "இனி எல்லாம் தட்டுதான் மச்சான்" என்பாய். அந்த டிசம்பர் குளிரில் நெஞ்சுச் சளி இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தபோது உனக்கு அது தேவைப்படவில்லை.

மல்லிகா கொண்டுவந்த பையில் உன் நாதஸ்வர டேப் இல்லை. அது அந்த ஆபீசிலேயே தங்கிவிட்டது. இருந்தது அன்றைக்கு நீ எடுத்த மூல டேப், வெட்டாதது. சுருளின் விளிம்பு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் போகும், டேப்பும் போகும். திருகுகளைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, வெயிலில் காட்டாமல் ஃபேன் காற்றில் உலர்த்தி, மெல்லிய துணியால் கைவலிக்கத் துடைத்து, புது கேஸட் ஓட்டுக்குள் மாற்றினேன். ஒரே ஒரு ஓட்டம்தான் தாங்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கம்ப்யூட்டரில் செருகினேன். இந்த வேலையில் அவசரம் நடக்காது. டேப்பில் எவ்வளவு நேரம் பதிவாகியிருக்கிறதோ அவ்வளவு நேரமும் ஓடித்தான் கம்ப்யூட்டருக்குள் போகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மல்லிகாவும் உட்கார்ந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவில்லை.

படத்தில் கோடுகள் ஓடின. நடுவில் ஹெட் அடைத்துக்கொண்டு, திரையில் பனி மாதிரி வெறும் வெள்ளைப் புள்ளிகள். நிறுத்தி, துடைத்து, மறுபடி ஓட்டினேன். பிறகு சந்து வந்தது. பேச்சோடு வந்தது. இத்தனை வருஷம் அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை. நாதஸ்வரத்துக்கு அடியில் நீ புதைத்து வைத்திருந்தாய்.

"ஏய், ஃப்ரிட்ஜு கதவத் தொறக்காதடி, உள்ள என் பாவாடையெல்லாம் கெடக்குது!" பொன்னம்மாவின் குரல். ஒரே சிரிப்பு.

"கார்ட நேராப் புடிங்க. தலைகீழாப் புடிச்சா உங்கள ஊருக்கே அனுப்பிருவாங்க." இது நீ.

"நீ வேகமா எடுப்பா, புடவைய அடுத்த வூட்டுக்குக் குடுக்கணும்!"

மல்லிகா டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் உன் கட்டைவிரல் ஏமாந்த இடங்கள். காமிரா உன் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டு போகிறது. கறுப்புத் தண்ணீர் ஓடும் சாக்கடை. அதன் மேல் போட்ட பலகை. பிளாஸ்டிக் ஷீட்டும் மூங்கிலும் வைத்துக் கட்டிய சுவரின் அடிப்பகுதி, கரையான் அரித்தது. தண்ணீர் லாரிக்காக வரிசையாகக் கிடக்கும் டப்பாக்கள். உங்கள் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் ஸ்டவ், மேலே புகை பிடித்த தகரம். அதிகாரி பார்க்க வேண்டியிருந்தது எல்லாமே அங்கே இருந்தது. நான் எடுக்கச் சொன்னது எல்லாமே. நீ எடுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே எடுத்திருக்கிறாய், உனக்குத் தெரியாமல்.

டேப் கடைசிவரை ஓடி முடிந்தது. திருப்பிச் சுற்றும்போது பாதியில் அறுந்தது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது என்பதால் நான் ஒட்டப்போகவில்லை.

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. நான் மழுப்பாமல் சொன்னேன்: "தங்கச்சி, இத அப்படியே குடுத்தா போன தடவ நடந்ததே நடக்கும். பட்டும் ஃப்ரிட்ஜும்தான் அவங்க கண்ணுல படும். அதை எடுத்துட்டு, சாக்கடை, சுவரு, ஸ்டவ்வு, இத மட்டும் சேத்து ஒரு சிடி போடலாம். கம்ப்யூட்டர்ல அது ஒரு வேலையே இல்ல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளேதான் வீட்டு வாசலில் நின்றிருந்தாள், சிவப்புப் பட்டில், ஒரு கையில் கார்டும் மறுகையில் நாற்காலிக் கைப்பிடியுமாக.

"நான் நிக்கிறதையுமா?"

"அந்தப் புடவைதான் பிரச்சனை."

"மேடம் குடுத்த புடவைண்ணே அது. பின்னாடி பூராக் கிழிசலு. அதனாலதான் செவுத்தோரமா ஒட்டி நிக்க வெச்சாரு." ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தாள். "அவரு இருந்தா ஒத்துக்க மாட்டாரு."

"அவன் ஒத்துக்காததாலதான் இப்ப நீ பஸ் மாறி மாறி வந்துட்டிருக்க."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பொய்யில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெட்டுங்க" என்றாள்.

வெட்டினேன். அடுத்த விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் வெட்டு. சிரிப்பு வருகிற இடமெல்லாம் வெட்டு. நீ ஒரு மனிதனை நிறுத்தி, தலைமுடியைச் சரிசெய்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டு எடுத்ததெல்லாம் வெட்டு. மிஞ்சியது தரை. மேலே ஆட்களின் பேச்சு, கீழே சாக்கடை. ஒரு வியாபாரியாகப் பார்த்தால் நல்ல சரக்கு. ஜுக்கி என்றால் இதுதான் என்று யார் பார்த்தாலும் சொல்வான். வக்கீலம்மாவும் பார்த்துவிட்டு, "பஹுத் அச்சா" என்று மெச்சினாள்.

முழுப் படத்தையும் இன்னொரு சிடியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். வியாபாரி ஒரே சரக்கை நம்பிக் கிளம்ப மாட்டான்.

விசாரணை அறையில் இருந்தவர் இளவயது அதிகாரி. டிவியும் வேண்டாம் டெக்கும் வேண்டாம், மடியில் வைக்கும் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டார். சாக்கடை ஓடியது. சுவர் வந்தது. டப்பாக்கள் வந்தன. செருப்புக் கால்கள் போயின. அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது, அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு கேட்டார்: "இதில் இந்த அம்மா எங்கே?"

வக்கீலம்மா அந்த ஸ்டவ் இருக்கிற வாசல் இவர்களுடையது என்றாள்.

"எப்படித் தெரியும்? தில்லியில் இந்த மாதிரி சாக்கடை எங்கேதான் இல்லை?"

"பின்னால் பேசுகிற குரல் என்னுடையது சாப்" என்றாள் மல்லிகா ஹிந்தியில்.

"குரலை வைத்து நான் என்ன எழுதுவது? ஒரு முகம் வேண்டும் மாஜி. வாசலில் உங்கள் முகம்."

என் கை பையின் ஜிப்புக்குப் போய்விட்டது. முகம் உள்ளே இருக்கிறது. விளக்கு போட்டு, பொட்டு வைத்து, கையில் கார்டோடு, அவள் வீட்டு வாசலில் அவள் முகம். வக்கீலம்மா என் கையைப் பார்த்துவிட்டு லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. எனக்கும் புரிந்தது. வெட்டிய சிடி ஒன்று, வெட்டாத சிடி ஒன்று என்று இரண்டையும் மேஜையில் வைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். மார்க்கெட்டில் இது எனக்குத் தெரிந்த பாடம். ஜிப்பை மூடினேன்.

அவர் ஒரு வரி எழுதினார். ஆதாரம் போதவில்லை என்று. மேலே முறையிடலாம் என்று வக்கீலம்மா வெளியே வந்து சொன்னாள். அவள் சொன்ன விதத்திலேயே அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தது. அவளுக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது, போய்விட்டாள்.

நான் சொன்னதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். அன்றைக்கே நீ தரையையும் முகத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. இதை உன்னிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்காது. ஆனால் இப்போதெல்லாம் அந்த வாதத்தை ஆரம்பித்தால் என்னால் முடிக்க முடிவதில்லை. காரணம் மல்லிகா. அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வண்டி வர நேரமாயிற்று. அவள் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி, குறை சொல்கிற குரலே இல்லாமல், ஏதோ காய்கறி விலை பேசுகிற மாதிரி சொன்னாள்:

"அவரு எடுத்த படத்துல நாங்க பணக்காரங்களாயிட்டோம். நீங்க போட்ட படத்துல நாங்க ஆளே இல்லாமப் போயிட்டோம். இல்லண்ணே?"

கடையில் சிடி எண்ணும்போது, கல்லாவை மூடும்போது, சும்மா இருக்கும்போது, அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. நீயாக இருந்தால் எதையாவது உளறி அந்த இடத்திலேயே அவளைச் சிரிக்க வைத்திருப்பாய்.

பஸ் வந்தது. ஏறினோம். நான் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன்.